கட்டைவிரல் வளையம்: வில்லுக்கும் விரலுக்கும் ஏற்றதைத் தேர்தல்

வில்லின் நாணை இழுப்பதற்கு ஐரோப்பாவில் நிலைபெற்ற முறை, ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் ஆகிய மூன்றின் நுனிகளாலும் நாணைப் பற்றுவதாகும். துருக்கி முதல் கொரியா வரை ஆசியாவின் பெரும்பகுதியில் வழங்கியதோ, கட்டைவிரலை மடக்கி நாணை அதனுள் மாட்டி, அவ்விரல் நுனியின்மேல் ஆள்காட்டி விரலை அழுத்திப் பூட்டி இழுக்கும் முறையாகும். குட்டையான வில்லை முழுமையாக இழுக்கும்போது நாண் கூர்ங்கோணமாக மடங்கி மூன்று விரல்களையும் நெரிக்கும் என்பதாலும், ஒற்றை விரலிலிருந்து விடுபடும் நாண் குறைந்த தடையோடு வெளியேறும் என்பதாலும், குதிரைமேல் அமர்ந்து குட்டை வில் ஏந்திய மக்களிடையே இம்முறை வேரூன்றியது. இதில் கையின் முறுக்கம் அம்பை இடப்புறமாகத் தள்ளுவதால், வலப்பக்கத்தில் வைத்த அம்பே வில்லோடு அழுந்தி நிற்கும்; ஆகவே இடக்கையில் வில் பிடிப்பவர் அம்பையும் வலப்பக்கத்திலேயே வைக்க வேண்டும். மூன்று விரல் முறையிலிருந்து மாறி வருபவர்கள் பழக்கத்தால் இடப்பக்கத்தில் வைத்துவிட்டு, அம்பு நழுவுவதற்கு வளையத்தைக் குறை கூறுவதுண்டு.

வில்லின் முழு இழுவிசையும் கட்டைவிரலின் மென்சதையில் ஒரு கோடாக விழுவதால் அவ்விரலைக் காக்க ஓர் அணி தேவைப்பட்டது. சீனாவின் அன்யாங் நகரில் 1976இல் அகழப்பட்ட, ஃபூ ஹாவ் என்னும் சாங் அரசியின் கல்லறையில், நாண் படிவதற்கான பள்ளம் வெட்டப்பட்ட ஜேடு கல் வளையம் ஒன்று கிடைத்திருப்பதால், இவ்வணி மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமையுடையது என்பது உறுதியாகிறது. அதன்பின் ஒவ்வொரு நாட்டிலும் வில்லின் நீளமும் வலிமையும் மாற மாற, வளையத்தின் வடிவமும் மாறியது. ஆகவே தேர்வு வளையத்தின் அழகில் தொடங்காமல், எந்த வில், நாண் விரலின் எந்த இடத்தில் படிகிறது என்னும் கேள்விகளில் தொடங்க வேண்டும்.

இன்று பெரும்பாலோர் வாங்குவது, ஒரு பக்கம் நாக்குப்போல் நீண்டு விரலின் சதைப்பகுதியை மூடும் வளையமாகும். உதுமானியத் துருக்கியர் இதனைச் சிஹ்கீர் என்றனர். பாரசீகத்திலும் முகலாய இந்தியாவிலும் இதன் உறவு வடிவங்களே வழங்கின. நாண் இந்த நாக்கின் அடிப்பகுதியில் படிந்து, விரலை விரித்தவுடன் அதன் வழவழப்பான பரப்பில் வழுக்கி வெளியேறுகிறது. நாக்கு நீளமாக இருந்தால் சதைக்குப் பாதுகாப்பு மிகும் என்றாலும், விரலை இறுக மடக்குபவருக்கு அதன் நுனி சதையில் குத்தும். குட்டை நாக்கு விரலின் மடக்கத்துக்கு இடங்கொடுத்து நாணை விரைவாக விடுவிக்கும், ஆனால் நாண் சற்றே முன்னே படிந்தாலும் சதையைச் சுட்டுவிடும். குட்டை வில்லும் 30 முதல் 50 பவுண்டு வரையிலான இழுவிசையும் கொண்டவருக்கு, நடுத்தர நீளமுள்ள நாக்கே பொதுவாகப் பொருந்தும்.

மஞ்சூரியர் பயன்படுத்தியதும், சிங் அரசமரபின் காலத்தில் (1644–1912) சீனமெங்கும் பரவியதும் உருளை வடிவ வளையமாகும்; சீனத்தில் இதன் பெயர் பன்ஜி. நாக்கு இல்லாத இந்தத் தடித்த குழாயின் புறப்பரப்பிலேயே நாண் படிவதால், விரல் மூட்டு அதிகம் மடங்காமல் அகன்ற பிடியாக அமைகிறது. நீண்ட, கனத்த அம்புகளை எய்யும் பெரிய மஞ்சூரிய வில்லுக்கு இது மிகப் பொருத்தமானது. குட்டைத் துருக்கி வில்லோடு இதனைப் பயன்படுத்த முடியாது என்பதில்லை, எனினும் விரலை ஆழமாக மடக்கிப் பழகியவருக்கு நாண் எதிர்பாராமல் நழுவுவதுபோல் தோன்றும். தோற்றத்தின் எளிமையை நம்பித் தொடக்கநிலையினர் இதனைத் தேர்வது தவறான சிக்கனம்.

கொரியாவின் காக்ஜி இருவகைப்படும். பெண் வகை எனப்படுவது நாக்குடைய வளையமே. ஆண் வகையிலோ ஒரு முளை துருத்தி நிற்க, நாணை அதன் பின்னால் மாட்டி இழுக்கிறார்கள். ஆசிரியர் ஒருவர் அருகில் இல்லாமல் ஆண் வகையைக் கற்க முயல்வது வீண். ஜப்பானின் யுகாகே வளையமன்று. மான்தோலால் தைத்து, கட்டைவிரல் பகுதியை உள்ளே கடினப்படுத்தி, அதன் அடியில் நாணுக்கென வரப்பு அமைத்த கையுறை அது. இரண்டு மீட்டருக்கும் நீண்ட ஜப்பானிய வில்லுக்கும் கியூடோ என்னும் அந்நாட்டு வில்நெறிக்கும் மட்டுமே உரியதாகையால், பிற வில் வைத்திருப்பவருக்கு அது தேர்வாகவே அமையாது.

இவற்றினும் எளியது தோல் வளையம். அளவில் சிறு பிழையைப் பொறுத்துக்கொள்வதும், நாண் எங்கே படிகிறது என்பதை விரலுக்கு உணர்த்துவதும் இதன் சிறப்பு; உராய்வு மிகுதியால் நாண் சற்றுத் தயங்கி விடுபடுவதும், வலிய வில்லில் தோல் நசுங்கி வலியை உள்ளே கடத்துவதும் இதன் குறை. 20 முதல் 30 பவுண்டு வில்லோடு பயிற்சியைத் தொடங்குபவர் முதலில் தோலையே அணிந்து, நாண் படியும் இடம் நிலைப்பட்ட பின்னரே கடின வளையத்துக்கு மாறுவது நல்லது. இந்த வரிசையை மாற்றுவோர், பிடியில் உள்ள பிழைக்காக வளையத்தை மாற்றி மாற்றி வாங்குகிறார்கள்.

வடிவத்தைவிடவும் அளவே பலரை ஏமாற்றுகிறது. நாக்குள்ள வளையத்தின் துளை வட்டமாக இராமல், நாக்கின் திசையில் சற்று நீண்ட முட்டை வடிவில் இருக்க வேண்டும். கட்டைவிரல் மூட்டு பக்கவாட்டில் அகலமாகவும் முன்பின்னாகத் தட்டையாகவும் இருப்பதால், நாக்கைப் பக்கவாட்டில் வைத்து வளையத்தை மூட்டுக்கு மேல் நுழைத்து, பிறகு கால் வட்டம் திருப்பி நாக்கைச் சதைப்பக்கம் கொண்டுவந்தால், துளையின் குறுகிய அகலம் மூட்டின் அகலத்தில் சிக்கி வளையம் கழலாமல் நிற்கும். எனவே மூட்டின் அகலம், தடிமன் ஆகிய இரண்டையும் அளக்காமல், வட்டத் துளையுடைய மோதிர அளவை மட்டும் சொல்லி வாங்கினால் வளையம் ஏறாமல் போகலாம். ஏறினாலும் அம்போடு சேர்ந்து பறந்துவிடலாம். விரல் வெயிலில் வீங்கும், குளிரில் சுருங்கும். வெயிலில் இறுகிப்போகும் வளையத்தைத் தவிர்த்துச் சற்றே தளர்வானதைத் தேர்ந்து, உட்புறத்தில் மெல்லிய தோல் துண்டு ஒட்டி இடைவெளியை நிரப்புவதே பயன்தரும்.

பொருளைப் பொறுத்தவரை எருமைக்கொம்பு இன்றும் முதன்மை பெறுகிறது: இலேசானது, உடலோடு வெதுவெதுப்பாக ஒட்டுவது, அரத்தால் சிறிது சிறிதாக அராவி விரலுக்கேற்பத் திருத்தக்கூடியது. பித்தளையும் வெள்ளியும் மெலிதாக இருந்தாலும் உடையா. ஆனால் அவற்றின் விளிம்பு மழுக்கப்படாவிட்டால் நாணின் நடுவில் சுற்றிய காப்பு நூலை அறுக்கும். ஜேடும் அகேட்டும் கனமானவை. கல் தரையில் விழுந்தால் பிளக்கக்கூடியவை. ஷாஜகானின் பட்டப்பெயர் பொறித்த ஜேடு வளையம் லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. இஸ்தான்புல்லின் டோப்கபி அரண்மனையிலும் மணிகள் பதித்த வளையங்கள் உள்ளன. இத்தகையவை அரசர் கையின் பெருமைக்கு உரியவை, அவற்றின் நகலை அணிந்து அன்றாடப் பயிற்சி செய்வதில் பொருளில்லை. யானைத் தந்தம் பன்னாட்டு வணிகத்தில் 1989இல் தடைசெய்யப்பட்டதால் அதனை விலக்க வேண்டும். முப்பரிமாண அச்சில் உருவாக்கும் பிளாஸ்டிக் வளையம் மலிவானது, அளவை மாற்றி மாற்றிச் சோதிக்க உகந்தது. எனினும் அச்சின் அடுக்குகள் நாக்கின் குறுக்காகச் சென்றால் அந்த இடத்திலேயே முறியும் என்பதால், அடுக்குகள் நாக்கின் நீளவாக்கில் அமைந்திருக்கின்றனவா என்று பார்த்தே வாங்க வேண்டும்.

புதிய வளையம் எதுவாயினும், அதனை அணிந்து கையைத் தொங்கவிட்டு உதறும்போது விழாமலும், மறுகையின் விரலால் நாண் இழுக்கும் திசையில் வலிந்து இழுக்கும்போது மூட்டைக் கடக்காமலும் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, பிறகு இரப்பர் பட்டையிலும், அதன்பின் மெல்லிய வில்லில் அம்பு பொருத்தியும் சோதிக்க வேண்டும். அம்பில்லாமல் நாணை விடுவது எந்த வில்லையும் சிதைக்கும்.