அம்புக்குறியினுள் நிகழ்வது

மாரிக்கால இரவில் இறக்கக்கண்டிக் கடற்கரையில் நிற்போர் ஒன்றைக் கண்டிருப்பர். ஓயாது புரளும் அலை, மின்னல் வெட்டுங் கணத்திற் கல்லிற் செதுக்கியதுபோல் அசைவற்றுத் தோன்றும். அலை நிற்பதில்லை, அதனைக் காட்டிய ஒளி, அலை நகருமுன் மறைந்துவிடுகின்றது. விரைந்தியங்கும் பொருளைக் காண்பதற்குக் குறுகிய ஒளியே வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

மூலக்கூறுகளின் அசைவையும் இவ்வாறு காணவியலுமா? திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சர் சி. வி. இராமன் 1928ஆம் ஆண்டிற் கே. எஸ். கிருஷ்ணனுடன் கல்கத்தாவில் ஆராய்ந்தபோது, திரவத்திற் சிதறிய ஒளியின் ஒரு சிறு பகுதி நிறம் மாறுவதைக் கண்டார். அம்மாற்றத்தின் அளவைக்கொண்டு, மூலக்கூறு செக்கனுக்கு எத்தனை முறை அதிர்கின்றது என்பதைக் கணிக்கலாம். ஆயின் ஒரு பிணைப்பு முறிவது மீண்டும் மீண்டும் நிகழும் அதிர்வன்று. அதனை நிகழுங்காற் காண வேறு வழி தேவையாயிற்று.

அவ்வழியை வகுத்தவர் எகிப்திற் பிறந்த அகமது சுவைல். கலிபோர்னியாத் தொழினுட்பக் கழகத்தில் அவர் இலேசர் ஒளியைப் பெம்தோ செக்கன் அளவான துடிப்புகளாகப் பயன்படுத்தினார். ஒரு செக்கனைப் பத்துக் கோடி கோடியாகப் பகுத்தால் வரும் ஒரு பங்கே பெம்தோ செக்கன். முதற்றுடிப்பு மூலக்கூறைக் கிளர்த்தும். பின்வரும் துடிப்பு அதன் நிலையைக் காட்டும்.

இடைப்பட்ட நேரத்தை அளப்பது எங்ஙனம்? இத்துணை நுண்ணிய கடிகாரம் எவரிடமுமில்லை. ஒளி ஒரு பெம்தோ செக்கனில் 0.3 மைக்கிரோ மீற்றர் செல்லும். எனவே இரண்டாம் துடிப்பைத் திருப்பும் ஆடியை 15 மைக்கிரோ மீற்றர் பின்னே நகர்த்தினால், போக்கும் வரவுமாக 30 மைக்கிரோ மீற்றர் கூடி, அத்துடிப்பு 100 பெம்தோ செக்கன் தாமதிக்கும். ஆடியைச் சிறிது சிறிதாக நகர்த்திச் சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்து, கிடைத்தவற்றைக் கோத்தால் அசைவின் வரலாறு முழுமையாகும். நீளமே நேரத்தின் அளவுகோலாயிற்று!

1987ஆம் ஆண்டில் அயடீன் சயனைட்டு மூலக்கூறின் பிணைப்பு ஏறத்தாழ 200 பெம்தோ செக்கனில் முறிவதை அவர் குழுவினர் கண்டனர். 1999இல் நோபல் பரிசு அவரை அடைந்தது. 1991இல் பேர்க்கிலி ஆய்வாளர், விழித்திரை நிறமியான ரொடொப்சினில் ஒளி பட்டதும் ஏறத்தாழ அதே 200 பெம்தோ செக்கனில் உருமாற்றம் நிகழ்வதை அறிந்தனர். பார்வையின் முதற்படியே அதுவன்றோ!

மாணவர் இரசாயனச் சமன்பாட்டின் நடுவே அம்புக்குறி ஒன்றை இட்டு அப்பாற் செல்வர். இடப்புறத்துப் பொருள் வலப்புறத்துப் பொருளாகும் பயணம் முழுவதும் அச்சிறு கோட்டினுள் அடங்கியுள்ளது. அதனை இடும்போது ஒரு கணம் நின்று சிந்தித்தல் நன்று.