கழுத்துச் சொடக்கு வேண்டாம், பிள்ளைகளே

தேர்வு நெருங்கும் மாதங்களில் பிசியோதெரபிக்கு வரும் மாணவர்கள் பலரும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். பிடரியில் கிளம்பும் வலி ஒரு பக்கமாக மேலேறிக் கண்ணுக்குப் பின்னால் வந்து நிற்கிறது. கழுத்தைத் திருப்பினால் கூடுகிறது. இங்கே வருவதற்குள் அப்பா வாங்கித் தந்த கழுத்துப்பட்டையை மாட்டியிருப்பார்கள், நண்பன் காட்டிய வீடியோவைப் பார்த்துச் சொடக்கும் எடுத்திருப்பார்கள்.

கழுத்தின் மேல் மூன்று நரம்புகள் கொண்டுவரும் வலிச் செய்தியும் முகத்து நரம்பின் செய்தியும் ஒரே இடத்தில் போய்ச் சேர்கின்றன. அதனால்தான் கழுத்துக் கோளாறு நெற்றியில் வலிக்கிறது. நார்வே மருத்துவர் சியாஸ்டாட் 1983-இல் இதைத் தனி வகைத் தலைவலியாகப் பிரித்துக் காட்டினார்.

தைலம், ஒத்தடம், கண் பரிசோதனை எல்லாம் வீட்டிலேயே தெரிந்தவை. வலி மாத்திரையை மட்டும் எண்ணிப் போடுங்கள். மாதத்தில் 15 நாளுக்குக் குறையாமல், மாதக்கணக்கில் விழுங்கினால் அதுவே தலைவலியைத் தரலாம். பட்டையை டாக்டர் சொல்லாமல் மாட்டாதீர்கள். நாள்பட மாட்டினால் தசை சோம்பிப்போகும்.

என் கவலையெல்லாம் சொடக்கைப் பற்றித்தான். சலூன் நாற்காலியில் தலையைப் பிடித்து வெடுக்கென்று திருப்புகிறார்கள். 'டக்'கென்று கேட்டதும் எலும்பு இடத்தில் உட்கார்ந்துவிட்டது என்று பையன் நம்புகிறான். அது மூட்டுத் திரவத்தில் வாயுக்குமிழி எழுப்பும் சத்தம். சற்று நேரம் லேசாக இருக்கும், இறுகிய தசை அப்படியே இருக்கும், மறுபடி சொடக்கு கேட்கும். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் இரண்டு தமனிகள் கழுத்தெலும்பின் துளைகள் வழியாகத்தான் ஏறுகின்றன. வெடுக்கென்ற திருப்பத்தில் அவற்றின் உட்சுவர் கிழிந்து, ரத்தம் உறைந்து, பக்கவாதம் வரலாம். அரிதுதான், ஆனால் பதினேழு வயதுப் பிள்ளையை வைத்து அந்த அரிதைச் சோதித்துப் பார்க்க வேண்டுமா? பயிற்சி பெற்றவர் பரிசோதித்துவிட்டுச் செய்யும் கைமுறைச் சிகிச்சை வேறு. ஆஸ்திரேலியாவில் குவென் ஜல் குழுவினர் 200 பேரிடம் நடத்தி 2002-இல் வெளியிட்ட ஆய்வில் அதுவும் பலன் தந்தது, உடற்பயிற்சியும் தந்தது. ஓராண்டு கழித்தும் பலன் நின்றது. இரண்டில் நான் பயிற்சியின் பக்கம். விடுதி அறைக்கும் அது கூடவே வரும்.

நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். வலது கையால் இருக்கையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு இடது காதை இடது தோள் பக்கம் சாய்த்துக்கொள்ளுங்கள். வலது கழுத்து இழுபடும், வலிக்கக் கூடாது. 30 விநாடி அப்படியே இருங்கள், மூன்று முறை, பிறகு மறுபக்கம். அடுத்து மல்லாந்து படுத்து, 'ஆமாம்' என்பதுபோல் மோவாயை மெல்லத் தாழ்த்தி 10 விநாடி பிடியுங்கள், பத்து முறை. முதலில் சொன்ன நீட்சி தசையை இளக்கும், இரண்டாவது கழுத்தைத் தாங்கும் உள்தசையை வலுப்படுத்தும். ஒன்றை விட்டு மற்றொன்று போதாது.

தோழிக்குப் பலித்தது உங்களுக்கும் பலிக்க வேண்டும் என்றில்லை. இயல்பாகவே அதிகம் வளையும் உடல்வாகு சிலருக்கு உண்டு. அவர்கள் நீட்சியைக் குறைத்து வலுவூட்டலைக் கூட்ட வேண்டும். உங்கள் உடல் எது என்று தெரிந்து தேர்ந்தெடுங்கள். பெற்றோரே, நாலாம் நாளே "குறைஞ்சுதா?" என்று கேட்டு வேறிடம் இழுத்துப் போகாதீர்கள். ஆறு வாரம் கொடுங்கள். பாடமானாலும் உடம்பானாலும் தினமும் கொஞ்சம் செய்கிறவருக்குத்தான் வசப்படுகிறது.

திடீரென்று தாங்க முடியாத தலைவலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, கை கால் தளர்ச்சி, அடிபட்ட பின் வந்த வலி ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் எந்தப் பயிற்சியும் செய்யாதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.