கல்லும் கிணறும்: காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை தரும் பாடம்

சென்ற ஆண்டு உயர்தரப் புவியியல் வகுப்பு மாணவியரைக் கீரிமலைக்குக் களப்பயணமாக அழைத்துச் சென்றேன். திரும்பும் வழியில் காங்கேசன்துறைப் பக்கம் பஸ் மெதுவாகச் சென்றபோது, பற்றைகளுக்கு அப்பால் பெரியதொரு பள்ளத்தில் நீர் தேங்கி நிற்பதை ஒரு மாணவி கண்டாள். "டீச்சர், கடல் அந்தப் பக்கம்தானே? இது என்ன குளம்?" என்று கேட்டாள். அது குளமல்ல, கல் அகழ்ந்த குழி என்று சொன்னேன். யார் அகழ்ந்தார்கள், எதற்காக அகழ்ந்தார்கள் என்று பஸ்ஸில் இருந்த ஒருவருக்கும் தெரியவில்லை. "வீட்டிலே மூத்தவர்களிடம் கேட்டுக்கொண்டு வாருங்கள்" என்றேன்.

அடுத்த நாள் வகுப்பில் பல விடைகள் கிடைத்தன. அங்கே வேலை செய்தவருக்குப் பெண் கொடுக்க யாரும் யோசித்ததில்லை என்று ஒரு மாணவியின் உம்மம்மா சொல்லியிருந்தார். அந்தப் பக்கம் போனால் வேப்பமர இலையெல்லாம் சாம்பல் நிறமாக இருக்கும் என்று இன்னொருத்தியின் பெரியப்பா சொல்லியிருந்தார். இரண்டும் ஒரே தொழிற்சாலையைப் பற்றிய செய்திகள். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

ஏன் காங்கேசன்துறையில்?

நாடு சுதந்திரம் அடைந்து சில மாதங்களின் பின் கைத்தொழில் அமைச்சரானவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம். காங்கேசன்துறையில் சீமெந்து, பரந்தனில் இரசாயனம், வாழைச்சேனையில் காகிதம் என்று மூன்று பெரிய தொழிற்சாலைகளை மக்கள் அவருடைய பெயருடன் சேர்த்து நினைவுகூர்வதுண்டு. இவற்றுள் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950 இல் உற்பத்தியைத் தொடங்கியது. பின்னர் அது சீமெந்துக் கூட்டுத்தாபனத்தின் கீழ் இயங்கியது.

அந்த இடத்தைத் தெரிவு செய்தமைக்குக் காரணம் நிலத்துக்குள்ளே இருந்தது. யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதும் மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல்லின் மேல் அமைந்தது. வலிகாமம் வடக்கில் மேல்மண் மெல்லிய படையாகவே இருக்கும். சிறிது தோண்டினாலே கல் தட்டுப்படும். சீமெந்து செய்ய வேண்டிய மூலப்பொருள்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இந்தக் கல்தான். மீதிக்குக் களிமண் வேண்டும். அது மன்னார் மாவட்டத்தின் முருங்கனிலிருந்து வந்தது. கல்லையும் களியையும் அரைத்துக் கலந்து, ஏறத்தாழ 1450 பாகை செல்சியசில் சூளையில் சுட்டால் கிளிங்கர் என்னும் கட்டிகள் கிடைக்கும். அவற்றுடன் சிறிதளவு ஜிப்சம் சேர்த்து மாவாக அரைத்தால் சீமெந்து.

இங்கே உயர்தர மாணவியர் அல்பிரட் வெபரை நினைவுகூர வேண்டும். 1909 இல் வெளியான அவருடைய கைத்தொழில் அமைவிடக் கோட்பாட்டின்படி, உற்பத்தியின்போது எடை குறையும் மூலப்பொருளைப் பயன்படுத்தும் தொழில், அந்த மூலப்பொருள் கிடைக்கும் இடத்தை நாடும். 100 கிலோ தூய சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 56 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும். 44 கிலோ காபனீரொட்சைட்டாகக் காற்றோடு போய்விடும். ஆகவே 50 கிலோ சீமெந்துப் பை ஒன்றுக்கு ஏறத்தாழ 60 கிலோ கல்லை நிலத்திலிருந்து எடுக்க வேண்டும். அவ்வளவு பாரத்தைத் தூர இடத்துக்குச் சுமந்து செல்வதை விட, கல் இருக்கும் இடத்திலேயே சூளையைக் கட்டுவது இலாபம். காங்கேசன்துறையில் துறைமுகமும் இருந்தது. வடபகுதி ரயில் பாதையின் கடைசி நிலையமும் அதுவே. களி வரவும் சீமெந்து போகவும் வழி ஆயத்தமாக இருந்தது.

தொழிற்சாலை தந்தவை

யாழ்ப்பாணத்துக்குப் பெரிய கைத்தொழில் பழக்கமில்லாத ஒன்று. படித்தவர் அரச உத்தியோகம் தேடிக் கொழும்புக்குப் போனார். மற்றவர் தோட்டம், மீன்பிடி, வியாபாரம் என்று இருந்தனர். மாதச் சம்பளத்தோடு ஊரிலேயே இருக்கலாம் என்ற நிலையைப் பலருக்குத் தந்தது இந்தத் தொழிற்சாலை. பொறியியலாளர், இரசாயனவியலாளர், எழுதுவினைஞர், பொருத்துநர், சாரதி, கல் உடைப்பவர் எனப் பல தரத்தினர் ஒரே வாசலால் உள்ளே போனார்கள். அவர்களை நம்பித் தேநீர்க் கடைகளும் சைக்கிள் திருத்தும் கடைகளும் லொறிக்காரரும் வாழ்ந்தனர்.

நம்மவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. யாழ்ப்பாண முஸ்லிம்களில் பலர் இரும்புச் சாமான் வியாபாரத்தில் இருந்தவர்கள். என்னுடைய வாப்பா அப்படியொரு கடையில் கணக்கு எழுதினார். காங்கேசன்துறையிலிருந்து சீமெந்து லொறி வரும் நாளில் பிந்தித்தான் வீட்டுக்கு வருவார். அவருடைய சேர்ட்டை உதறிவிட்டுத்தான் உம்மா தண்ணீரில் போடுவார். சாரமும் சட்டையுமாகக் கடை வாசலில் பை எண்ணிக்கொண்டு நின்றவரைத்தான் சீமெந்து என்ற சொல்லோடு இன்றும் நினைக்கிறேன். அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தின் கல்வீடுகளுக்கும் பள்ளிவாசல்களுக்கும் பாடசாலைக் கட்டடங்களுக்கும் கிணற்றுக் கட்டுகளுக்கும் ஊர்ச் சீமெந்து போயிருக்கிறது.

தொழிற்சாலை எடுத்தவை

தூசி கண்ணுக்குத் தெரிந்தது. கூரையிலும் இலையிலும் படிந்தது. மனிதர் மூச்சோடும் போனது. கண்ணுக்குத் தெரியாத இழப்பு நிலத்தின் கீழ் நடந்தது. அதை விளங்கிக்கொள்ள நமது நீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும்.

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மழைதான் நமது பெரிய வருமானம். அந்த நீர் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளாலும் பொந்துகளாலும் கீழே இறங்கித் தங்குகிறது. அதன் கீழே கடலிலிருந்து வந்த உவர்நீர் இருக்கிறது. நன்னீர் பாரம் குறைந்தது ஆகையால் உவர்நீரின் மேல் ஒரு வில்லை போல மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. இதைத் தலைகீழாகவும் படிக்க வேண்டும்: மேல்மட்டம் 1 அடி இறங்கினால், காலப்போக்கில் கீழிருந்து உவர்நீர் 40 அடி மேலே வரும். புத்தூர் நிலாவரைக் கிணற்றிலே மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதை நீங்கள் படித்திருக்கிறீர்கள். கீரிமலையில் கடலுக்குப் பக்கத்திலேயே நன்னீர் ஊறி வருவதும் இந்தக் கல்லின் வழியாகத்தான்.

எனவே சுண்ணாம்புக்கல் நமக்கு வெறும் கல் அன்று. அதுவே நமது தண்ணீர்த் தாங்கி. அதை வெட்டியெடுக்கும்போது நீரைச் சேமித்து வைக்கும் பாத்திரத்தில் ஒரு துண்டை வெட்டியெடுக்கிறோம். குழி நிலத்தடி நீர் மட்டத்துக்குக் கீழே போனால் நீர் வெயிலில் திறந்து கிடந்து ஆவியாகும். மேலே உள்ள அழுக்கு, மண்ணால் வடிகட்டப்படாமல் நேரே உள்ளே போகும். கடலோரத்தில் ஆழமாகத் தோண்டினால் உவர்நீருக்கும் வழி திறக்கும். இந்தக் கல்லுக்குள் இறங்கும் அழுக்கு ஓரிடத்தில் நிற்பதில்லை. சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்று 2019 இல் தீர்ப்பு வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு இடத்தில் நடந்த தவறுக்கு எத்தனையோ வீட்டுக் கிணறுகள் விலை கொடுத்தன.

அது நின்ற விதம்

தொழிற்சாலைகள் பல காரணங்களால் மூடப்படும். மூலப்பொருள் தீரலாம், நட்டம் வரலாம், இயந்திரம் பழசாகலாம். காங்கேசன்துறையில் கல் தீரவில்லை. சீமெந்துக்குத் தேவையும் குறையவில்லை. 1990 ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டது. ரயில் நின்றது. வலிகாமம் வடக்கு மக்கள் வீடுகளை விட்டு ஓடினார்கள். ஆலையும் நின்றது. அந்தப் பிரதேசம் உயர் பாதுகாப்பு வலயமானது. 2009 இல் யுத்தம் முடிந்த பின்னரும் காணிகள் பகுதி பகுதியாகவே விடுவிக்கப்பட்டன. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் முகாம்களில் இருந்த குடும்பங்கள் உண்டு.

அதே ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வடக்கு முஸ்லிம்களாகிய நாங்களும் வெளியேற்றப்பட்டோம். வாப்பாவின் கணக்குப் புத்தகம் கடையிலேயே கிடந்தது. காங்கேசன்துறையாரின் கதையும் நமது கதையும் ஒன்றல்ல. ஆயினும் திரும்பி வந்து, தன் வளவு எது என்று வேலியில்லாத பற்றைக்குள் தேடுவது என்றால் என்னவென்று இரு பகுதியாருக்கும் தெரியும்.

வேறு இரண்டு ஊர்கள்

ஓர் ஆலையைச் சுற்றி வளர்ந்த ஊர், ஆலை போன பின் என்ன ஆகிறது? ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு ஊர்களைச் சொல்கிறேன்.

முதலாவது அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்திலுள்ள நம்பூர். அங்கே 1897 இல் ஒரு சீனி ஆலை தொடங்கியது. கரும்பும் எடை குறையும் பொருளே; ஏறத்தாழ பத்துத் தொன் கரும்பிலிருந்து ஒரு தொன் சீனிதான் கிடைக்கும். வெட்டிய கரும்பு விரைவில் பழுதாகவும் செய்யும். ஆகவே ஆலை தோட்டங்களின் நடுவிலே இருந்தது. கரும்பு ஏற்றிய சிறிய ரயில்கள் நகரின் வீதியூடாகவே போய்வந்தன. 2003 இல் ஆலை மூடப்பட்டது. கரும்பை வாங்க ஆளில்லாதபோது தோட்டங்களும் மாறின. ஆலை இருந்த இடத்தில் கடைத் தொகுதி வந்தது. வீதியில் தண்டவாளங்களை மட்டும் நினைவாக விட்டு வைத்தார்கள். ஆனால் அங்கே மக்கள் ஊரை விட்டு ஓட நேரவில்லை. ஆலை போனது; ஊர் இருந்தது. காங்கேசன்துறையில் இரண்டும் ஒன்றாகப் போயின.

இரண்டாவது ஊரை உங்கள் பெற்றோரில் பலர் அறிவர். இடம்பெயர்ந்த காலத்தில் நான் வளர்ந்தது புத்தளத்தில். அங்கே பாலாவியிலும் ஒரு சீமெந்துத் தொழிற்சாலை உண்டு. 1970 இல் தொடங்கி இன்றும் இயங்குகிறது. அதற்கான கல் அறுவைக்காட்டிலிருந்து ரயிலில் வருகிறது. அதுவும் யாழ்ப்பாணத்தில் இருக்கும் அதே மயோசீன் கல்தான். புத்தளத்திலிருந்து குடாநாடு வரை அது ஒரே பட்டியாக நீள்கிறது. கல் எடுத்து முடிந்த குழிகளுள்ள அந்த அறுவைக்காட்டில்தான் கொழும்பின் குப்பையைக் கொட்டும் திட்டம் வந்தது. 2018, 2019 ஆம் ஆண்டுகளில் புத்தளத்து மக்கள், பெண்களும் பிள்ளைகளுமாக, அதை எதிர்த்து வீதிக்கு வந்தார்கள். குழி என்று ஒன்று இருந்தால், அதை நிரப்ப யாரோ எதையோ கொண்டு வருவார்கள் என்பதை அங்கே கண்டேன்.

இனி என்ன?

காங்கேசன்துறைக்கு 2015 ஜனவரியில் மீண்டும் ரயில் வந்தது. 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்திலிருந்து பயணிகள் கப்பலும் வந்தது. அங்கே மறுபடியும் தொழிற்சாலைகள் வேண்டும் என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. வேலை இல்லாமல் பிள்ளைகள் வெளிநாடு போகும் நாட்டில் அந்தப் பேச்சை அலட்சியம் செய்ய முடியாது. தொழிற்சாலையே வேண்டாம் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. ஒரு தொழிற்சாலையின் பெறுமதியைக் கணக்கிடும்போது சம்பளத்தையும் கிணற்றையும் ஒரே ஏட்டில் எழுத வேண்டும் என்பதே நான் சொல்ல வருவது. சம்பளம் ஆலை இயங்கும் வரையில்தான் வரும். குழியோ ஆலை நின்ற பின்னும் இருக்கும். கல்லை வெட்டாமல் நடத்தக்கூடிய தொழில் எது? வெட்டியே ஆக வேண்டுமென்றால் எந்த ஆழத்தோடு நிறுத்துவது, குழியை யார் செலவில் சீர்செய்வது? இவற்றை முதல் கல்லைப் பெயர்ப்பதற்கு முன்பே கேட்க வேண்டும்.

நமது மார்க்கம் பூமியை மனிதனுக்குச் சொந்தச் சொத்தாகத் தரவில்லை, அமானிதமாகத் தந்திருக்கிறது. அமானிதத்தைப் பயன்படுத்தலாம், ஆனால் திருப்பிக் கொடுக்கும்போது குறை இருக்கக் கூடாது. வுழுச் செய்யும் நீரில்கூட வீண்விரயம் வேண்டாம் என்று படித்த பிள்ளைகளுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

மாணவியருக்குச் சில வேலைகள் தருகிறேன். முதலாவது, உங்கள் வீட்டுக் கிணற்றின் நீர் மட்டத்தை மாதம் ஒருமுறை, ஒரே நேரத்தில், கயிறு விட்டு அளந்து ஓராண்டு குறித்து வாருங்கள். இரண்டாவது, வெபரின் கோட்பாட்டைக் கொண்டு, பனங்கட்டி உற்பத்திக்கும் தையல் ஆடை உற்பத்திக்கும் அமைவிடம் எப்படி வேறுபடும் என்று எழுதுங்கள். மூன்றாவது, உங்கள் வீட்டுச் சுவரில் இருப்பது காங்கேசன்துறைச் சீமெந்தா என்று மூத்தவர்களிடம் கேளுங்கள். பெற்றோர்களே, அவர்கள் கேட்க வந்தால் வேலை இருக்கிறது என்று அனுப்பிவிடாதீர்கள். அந்த ஆலையை இயங்கக் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே எழுதி வைத்தால்தான் உண்டு.

பஸ்ஸில் கேள்வி கேட்ட மாணவி இப்போது தன் வீட்டுக் கிணற்றை அளந்து வருகிறாள். மூன்று மாதக் கணக்கு அவளுடைய கொப்பியில் இருக்கிறது.