வீட்டினுள் மணிப்பிளான்ற் வளர்த்தல்

வயலிலும் தோட்டத்திலும் பயிர் செய்யும் கமக்காரர் பலரது வீட்டு விறாந்தையில் மணிப்பிளான்ற் கொடி ஒன்று இருப்பதைக் காணலாம். மண்ணின் தன்மை அறிந்தவர் வீட்டிலும் இக்கொடி மஞ்சளித்து மடிவதுண்டு. கவனக்குறைவன்று, மிகையான நீரே பெரும்பாலும் இதற்குக் காரணமாகும். சாடித் தட்டிலும் போத்தலிலும் தேங்கும் நீர் வீட்டாரின் உயிருக்கும் கேடு விளைவிக்கக் கூடியது. ஆகவே, இக்கொடியை வளர்ப்போர் முதலில் நீரைக் கையாளும் முறையை அறிந்திருத்தல் வேண்டும்.

1. கொடியின் இயல்பு

இதன் தாவரவியற் பெயர் எபிப்பிறெம்னம் ஓரியம் என்பதாகும். தென் பசிபிக் சமுத்திரத்திலுள்ள மோரேயாத் தீவு இதன் பிறப்பிடம். சேம்பு, கருணைக்கிழங்கு ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. மர நிழலில், தண்டின் கணுக்களில் தோன்றும் வேர்களால் மரத்தைப் பற்றி ஏறும். பூப்பது மிக அரிதாகையால், தண்டுத் துண்டங்களைக் கொண்டே இதனைப் பெருக்குவர்.

2. நெல்லும் மணிப்பிளான்றும்

நெல் நீரில் நின்று வளர்வதற்குக் காரணம் உண்டு. அதன் தண்டிலும் வேரிலும் காற்றறைகள் உள்ளன. இலைப் பக்கத்திலிருந்து வரும் காற்று அவற்றினூடாக வேர் நுனி வரை இறங்குகின்றது. சாடி மண்ணில் வளர்ந்த மணிப்பிளான்றின் வேர், மண் துணிக்கைகளின் இடையிலுள்ள காற்றையே நம்பியிருக்கின்றது. அவ்விடைவெளிகளை நீர் நிரப்பினால் வேர் மூச்சின்றி அழுகும். நாற்றுமேடையில் மிளகாய், தக்காளி நாற்றுகளின் அடியை அழுகச் செய்யும் பித்தியம் என்னும் நுண்ணங்கி இங்கும் வேரைத் தாக்கக் கூடும்.

வேர் அழுகிய கொடியால் நீரை உறிஞ்ச முடியாது. அதனால் ஈர மண்ணில் நிற்கும்போதே இலைகள் வாடும். இதனை வறட்சி எனக் கருதி மேலும் நீர் ஊற்றுவோர் கொடியை முற்றாக இழப்பர்.

3. சாடியும் மண்ணும்

அடியில் துவாரமுள்ள சாடியையே தெரிவு செய்தல் வேண்டும். துவாரத்தை மண் அடைக்காதவாறு உடைந்த ஓட்டுத் துண்டொன்றை அதன்மேற் கவிழ்த்து வைக்கலாம். வயலின் களிமண் தனியே உகந்ததன்று. மேல்மண், நன்கு உக்கிய கூட்டெரு, தும்புத்தூள் ஆகியவற்றைச் சம அளவிற் கலந்து நிரப்புதல் நன்று. இரண்டு அல்லது மூன்று கணுக்களுடைய தண்டுத் துண்டத்தை, ஒரு கணுவேனும் மண்ணுள் இருக்கும்படி நடுதல் வேண்டும். வேர் கணுவிலிருந்தே தோன்றும்.

4. நீர் ஊற்றல்

இத்தனை நாளுக்கு ஒருமுறை என விதித்தல் பொருந்தாது. மழைக்காலத்தில் மண் மெதுவாகவும், கச்சான் காற்று வீசும் வரண்ட நாட்களில் விரைவாகவும் உலரும். விரலை ஓர் அங்குல ஆழத்திற்கு மண்ணிற் செலுத்திப் பார்த்தல் வேண்டும். ஈரம் தட்டுப்பட்டால் நீர் வேண்டியதில்லை. உலர்ந்திருப்பின், அடித்துவாரத்தால் நீர் வடியும் வரை ஊற்றி, வடிந்த நீரைத் தட்டிலிருந்து உடனே அகற்றுதல் வேண்டும்.

ஈர மண்ணில் கொடி வாடினால் அதனைச் சாடியிலிருந்து எடுத்து வேரைப் பார்த்தல் வேண்டும். கபில நிறமாகிக் குழைந்த வேர்களை வெட்டி நீக்கி, புதிய கலவையில் நடலாம். வேர் முழுவதும் அழுகியிருப்பின், பழுதற்ற தண்டைத் துண்டங்களாக்கிப் புதிதாக ஆரம்பிக்கலாம்.

5. ஒளி, பசளை, பீடை

கடும் வெயில் இலையைக் கருக்கும். இருண்ட மூலையில் இலையின் மஞ்சள் வரிகள் மங்கி, கணுவிடைகள் நீளும். காலை வெளிச்சம் பெறும் யன்னலருகு ஏற்ற இடமாகும். இரு மாதங்களுக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி கூட்டெரு போதியது. வயலுக்கு வாங்கிய யூரியாவைச் சாடியில் அள்ளியிட்டால் வேர் கருகும்.

பஞ்சு போன்று படியும் வெண்மூட்டுப்பூச்சியைச் சவர்க்கார நீரில் தோய்த்த துணியால் துடைத்து அகற்றலாம். வயலுக்குரிய பீடைநாசினிகளை வீட்டினுள் விசிறலாகாது.

6. தேங்கிய நீரும் டெங்கு நுளம்பும்

போத்தல் நீரிலும் இக்கொடி வளரும். நீரிலேயே தோன்றிய வேர்கள் அச்சூழலுக்கு இசைந்தவை. எனினும், டெங்கைப் பரப்பும் ஈடிசு நுளம்பு இத்தகைய தெளிந்த நீரிலேயே பெருகும். 2017 ஆம் ஆண்டில் இலங்கையில் 180,000 இற்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவாயினர்; 400 இற்கு மேற்பட்டோர் இறந்தனர்.

முட்டை நுளம்பாக மாறுவதற்கு ஏறக்குறைய 7 தொடக்கம் 10 நாட்கள் போதும். ஆகவே, வாரத்திற்கு இருமுறை நீரை மாற்றுதல் வேண்டும். நீரை ஊற்றிவிடுதல் மாத்திரம் போதாது. முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டியிருந்து, உலர்ந்த நிலையிலும் பல மாதங்கள் உயிர் தாங்கும். போத்தலையும் தட்டையும் உட்புறம் உரஞ்சிக் கழுவுதல் இன்றியமையாதது. இதற்கு நேரமில்லாதோர் போத்தலைக் கைவிட்டு மண்ணில் வளர்த்தல் நலம்.

7. பிள்ளைகளும் கால்நடைகளும்

சேம்பு, கருணைக்கிழங்கு ஆகியவற்றை நறுக்குகையில் கை அரிப்பதைப் பலரும் அறிவர். ஊசி போன்ற கல்சியம் ஒட்சலேற்றுப் பளிங்குகளே அதற்குக் காரணம். அவை மணிப்பிளான்றிலும் உண்டு. இலையைக் கடித்த பிள்ளையின் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். வாயிலுள்ளதை அகற்றி, நீராற் கழுவி, வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். தவழும் பிள்ளைக்கும், ஆட்டுக்கும் எட்டாத உயரத்தில் கொடியை வைத்தல் வேண்டும். கத்தரித்த தண்டுகளை ஆட்டுக்குத் தீனியாக இடலாகாது.

அத்தண்டுகளை வாய்க்காலிலோ காட்டோரத்திலோ எறிவதும் தவறு. ஒரு கணு போதும், கொடி வேரூன்றி மரங்களிற் படர்ந்துவிடும். கழிவுத் தண்டுகளை வெயிலில் நன்கு காயவிட்டு, முற்றாக உலர்ந்த பின்னரே கூட்டெருக் குழியில் இடுதல் வேண்டும்.