லேப்டாப்பில் ஃபேக்டரி ரீஸ்டோர் பாதியில் நின்றுவிட்டால்…





தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் படித்த நம் பிள்ளைகளுக்கு அப்படிக் கிடைத்த லேப்டாப்புகள் இன்றும் பல வீடுகளில் அக்காவிடமிருந்து தம்பிக்கு என்று கைமாறி வருகின்றன. கொடுப்பதற்கு முன் புதிது போல ஆக்கிவிடலாம் என்று நினைத்து ஃபேக்டரி ரீஸ்டோர் கொடுக்கிறோம். சில நேரம் அது பாதியில் நின்றுவிடும். ‘லேப்டாப் போச்சு’ என்று மூலையில் போடுவதற்கு முன்னும், அவசரப்பட்டுக் கடைக்குக் கொண்டுபோவதற்கு முன்னும் இந்தப் பாடத்தை ஒருமுறை படித்துவிடுங்கள்.

1. மறுபடி மறுபடி முயலாதீர்கள்

‘ரீசெட் செய்வதில் சிக்கல், எந்த மாற்றமும் செய்யப்படவில்லை’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் செய்தி வந்தால், பெரும்பாலும் உள்ளே இருப்பவை அப்படியே இருக்கும். வேலை பாதி நடந்து நின்றிருந்தால், நாம் மீண்டும் முயலும் ஒவ்வொரு தடவையும் பழைய ஃபைல்களின் மேல் புதியவை எழுதப்படலாம். ஆகவே லேப்டாப்பை அணைத்து வையுங்கள்.

2. முதலில் ஃபைல்களை வெளியே எடுங்கள்

மதிப்பெண் சான்றிதழ், உதவித்தொகை விண்ணப்பம், கல்லூரி புராஜெக்ட், குடும்பப் போட்டோ எல்லாம் அதில்தான் இருக்கும். லேப்டாப்பை வேறொன்று வாங்கலாம். இவற்றை வாங்க முடியாது. வேறொரு கம்ப்யூட்டரில் உபுண்டு போன்ற லினக்ஸை ஒரு பென்டிரைவில் ஏற்றி, பழுதான லேப்டாப்பை அதிலிருந்து ஓடவிடுங்கள். ‘இன்ஸ்டால்’ என்பதைத் தொடாமல், ‘டிரை’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் ஓடாவிட்டாலும் ஹார்ட் டிஸ்க்கில் உள்ள ஃபோல்டர்கள் தெரியும். தேவையானவற்றை இன்னொரு பென்டிரைவில் காப்பி செய்துகொள்ளலாம். வீட்டுப் பெண்களின் படங்கள் உள்ள லேப்டாப் என்றால், கடைக்குக் கொடுப்பதற்கு முன்பே விவரம் தெரிந்த நம் வீட்டுப் பிள்ளைகளைக் கொண்டு இதைச் செய்துவிடுவது நல்லது.

புதிய லேப்டாப்புகளில் பிட்லாக்கர் என்னும் பூட்டு இருக்கலாம். அது 48 இலக்க எண் கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பயன்படுத்தியவர்களுக்கு அந்த எண் பெரும்பாலும் அந்தக் கணக்கிலேயே இருக்கும்.

3. ஏன் நின்றது என்று பாருங்கள்

*கரன்டும் சூடும்:* பழைய பேட்டரி சார்ஜ் தாங்காது. நடுவில் கரன்ட் போனால் வேலையும் நின்றுவிடும். நம் கரிசல் புழுதி ஃபேனில் அடைத்துக்கொண்டால் சூடேறித் தானாகவே அணைந்துவிடும். ஃபேனைச் சுத்தம் செய்து, சார்ஜரில் போட்டு, கரன்ட் நிலையாக இருக்கும் நேரத்தில் செய்யுங்கள்.

*ரீகவரி பகுதி இல்லாமை:* கம்பெனி கொடுத்த விண்டோஸின் பிரதி ஹார்ட் டிஸ்க்கில் தனியொரு பகுதியில் இருக்கும். ஹெச்பியில் எஃப்11, ஏசரில் ஆல்ட்+எஃப்10, லெனோவோவில் பக்கவாட்டில் உள்ள சிறிய நோவோ பட்டன் என்று பல மாடல்களில் அதற்கு வழி வைத்திருப்பார்கள். முன்பு யாராவது முழு டிஸ்க்கையும் ஃபார்மேட் செய்து வேறு விண்டோஸ் போட்டிருந்தால் அந்தப் பகுதி அழிந்திருக்கும். அப்போது எத்தனை தடவை பட்டனை அழுத்தினாலும் பலன் இராது.

*ஹார்ட் டிஸ்க் பழுது:* ‘டக் டக்’ என்ற சத்தம், ஒவ்வொரு தடவையும் ஒரே சதவீதத்தில் நிற்பது ஆகியவை இதன் அறிகுறிகள். ஹெச்பியில் ஆன் செய்தவுடன் எஃப்2, டெல்லில் எஃப்12 அழுத்தினால் சோதனை வசதி வரும். டிஸ்க் பழுது என்று தெரிந்தால் ரீஸ்டோரை விட்டுவிடுங்கள். எஸ்எஸ்டி மாற்றினால் பழைய லேப்டாப்பும் வேகமாக ஓடும்.

4. பென்டிரைவ் வழி

ரீகவரி பகுதி மட்டுமே இல்லையென்றால், மைக்ரோசாஃப்ட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் மீடியா கிரியேஷன் டூல் மூலம் 8 ஜிபி பென்டிரைவில் விண்டோஸை ஏற்றிப் புதிதாகப் போடலாம். பென்டிரைவில் ஏற்கெனவே இருப்பவை அழிந்துவிடும். ஆகவே காலியானதை எடுங்கள். டவுன்லோடு பல ஜிபி இருக்கும். செல்போனின் ஒருநாள் டேட்டா போதாது. வைஃபை உள்ள இடத்தில் செய்யுங்கள்.

விண்டோஸ் 8 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்புடன் கம்பெனியிலிருந்து வந்த லேப்டாப்புகளில் லைசென்ஸ் எண் பொதுவாக மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். அதே வகை விண்டோஸைப் போட்டால் அது தானாக ஏற்றுக்கொள்ளும். ‘கீ வாங்க வேண்டும்’ என்று யாராவது தனியாகப் பணம் கேட்டால் இதைச் சொல்லிக் கேளுங்கள்.

5. மிகப் பழையதாக இருந்தால்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4 ஜிபி ராமும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். ஆரம்பகால அரசு லேப்டாப்புகளுக்கு இது எட்டாது. அவற்றில் லினக்ஸ் போடுவதே மேல். ஆரம்பத்தில் வந்த அரசு லேப்டாப்புகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது நினைவிருக்கலாம். தட்டச்சு, இணையம், ஆன்லைன் வகுப்பு ஆகியவற்றுக்கு லினக்ஸ் போதும்.

6. பிறருக்குக் கொடுக்கும்போது

ரீசெட்டில் ‘எல்லாவற்றையும் நீக்கு’ என்பதை மட்டும் தேர்ந்தெடுத்தால் அழித்த ஃபைல்களைச் சில மென்பொருள்கள் மீட்டுவிடும். வெளியாருக்குக் கொடுப்பதாக இருந்தால் டிரைவைச் சுத்தம் செய்யும் தேர்வையும் சேர்த்துக் கொடுங்கள். நேரம் அதிகம் பிடிக்கும், பொறுத்திருங்கள்.

சுருக்கமாக: நிறுத்துங்கள், ஃபைலை எடுங்கள், காரணத்தைப் பாருங்கள், பிறகே புதிதாகப் போடுங்கள். இந்த வரிசை மாறாமல் செய்தால் செலவும் குறையும், பிள்ளைகளின் உழைப்பும் வீணாகாது, இன்ஷா அல்லாஹ்.