தப்பியோடும் துகளும் அதனைக் காட்டும் ஒளிர்பொருளும்

ஞாயிற்றின் உட்பகுதியில் ஹைட்ரஜன் கருக்கள் ஒன்றோடொன்று இணைந்து ஹீலியமாகின்றன. அவ்விணைவிற் பிறக்கும் ஆற்றலே ஒளியாகவும் வெம்மையாகவும் நம்மை வந்தடைகின்றது. அச்செயலை மண்ணுலகில் ஓர் உலையினுள் நிகழ்த்த அறிஞர் பலகாலம் முயன்று வருகின்றனர். அம்முயற்சியின் பெருமையைக் கூறுவார் பலர். நாம் ஈண்டு ஆராயப் புகுவது அதனுள் அடங்கிய சிறியதொரு பொருளையே. உலையினுள் நில்லாது வெளியேறும் துகள்களை அளத்தற்கு எவ்வகைப் பொருள் ஏற்றது என்பதே அது.

டியூட்டீரியம், டிரிட்டியம் என்னும் இருவகை ஹைட்ரஜன் கருக்கள் இணையுங்கால் ஒரு நியூட்ரானும் ஒரு ஹீலியக் கருவும் பிறக்கின்றன. ஹீலியக் கருவினை ஆல்பாத் துகள் என்பர். நியூட்ரானுக்கு மின்னேற்றம் இல்லை. ஆதலின் காந்தப் புலம் அதனைத் தடுப்பதில்லை. அது 14.1 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடன் சுவரை நோக்கிச் செல்கின்றது. ஆல்பாத் துகளோ மின்னேற்றம் உடையது, 3.5 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடன், காந்தப் புலத்தைச் சுற்றிச் சுழன்று உள்ளேயே தங்க வேண்டுவது. அது தன் ஆற்றலைச் சூழவுள்ள பிளாஸ்மாவிற்கு அளித்தால்தான் உலையின் வெம்மை தானே நிலைபெறும்.

‘ஒரு சில துகள்கள் வெளியேறினால் வரும் கேடு யாது?’ எனச் சிலர் வினவலாம். பிரான்சு நாட்டில் காடராஷ் என்னுமிடத்தில் கட்டப்பட்டு வரும் ஈட்டர் உலையின் குறிக்கோள் 500 மெகாவாட் இணைவாற்றல் பெறுதல். அதில் ஐந்தில் ஒரு பங்காகிய 100 மெகாவாட் ஆல்பாத் துகள்களுக்கு உரியது. அதில் நூற்றுக்கு ஐந்து பங்கு தப்பியதாகக் கொள்வோம். 5 மெகாவாட் வெம்மை சுவரின் சில இடங்களிலேயே குவிந்து தாக்கும். உலையும் தன் வெம்மையை இழக்கும், சுவரும் புண்படும். ஆகவே எத்துகள், எவ்வளவு, எப்பொழுது தப்பிற்று என அறிதல் இன்றியமையாதது.

இவ்வாராய்ச்சியின் வேர் பழமையானது. 1903-ஆம் ஆண்டில் குரூக்ஸ் என்பார், ஆல்பாத் துகள் துத்தநாக சல்பைடு பூசிய திரையின்மீது பட்டவிடத்து நுண்ணிய ஒளிப்பொறி தோன்றுதலைக் கண்டார். 1909-இல் மான்செஸ்டர் நகரில் ரூதர்போர்டின் கீழ்ப் பணியாற்றிய கைகரும் மார்ஸ்டனும் இருளறையில் அமர்ந்து அத்தகைய பொறிகளைக் கண்ணாலேயே எண்ணினர். ஆல்பாத் துகள் பலகாற் படப்பட அத்திரையின் ஒளி குன்றுதலையும் மார்ஸ்டன் ஆராய்ந்து 1910-இல் வெளியிட்டார். இன்று உலையறிஞரை வருத்தும் இடரும் அதுவே.

இன்றைய கருவியின் அமைப்பினைக் காண்போம். உலையின் உட்சுவரருகே சிறிய உலோகப் பெட்டியொன்று வைக்கப்படும். அதன் நுண்துளை வழியே நுழையும் துகள், உலையின் காந்தப் புலத்தாலேயே வளைந்து சென்று, உள்ளிருக்கும் ஒளிர்தகட்டின்மீது விழும். விரைவு மிக்க துகளின் சுழல்வட்டம் பெரிது. ஆதலின் அது துளையினின்றும் சேய்மையில் விழும். 3 டெஸ்லா புலத்தில் ஆல்பாத் துகளின் சுழலாரம் ஏறக்குறைய 9 சென்டிமீட்டர் வரை செல்லும். தகட்டில் எவ்விடம் ஒளிர்கின்றதோ அதனைக் கொண்டு துகளின் ஆற்றலையும் அது செல்லும் சாய்வையும் அறியலாம். கேமரா இடத்தைக் காட்டும். ஒளிபெருக்கிக் குழாய் காலத்தைக் காட்டும்.

இனி ஒளிர்பொருளின் இலக்கணம் யாதெனின், மிக்க ஒளி தருதல், விரைந்து ஒளிர்ந்து விரைந்து அணைதல், வெம்மையையும் துகளடியையும் பொறுத்தல் என மூன்றாம். இம்மூன்றும் ஒருங்கே அமைதல் அரிது. துத்தநாக சல்பைடு மிக்க ஒளி தருவது. ஆயினும் அடியைப் பொறாது. இங்கிலாந்தில் கல்லம் என்னுமிடத்தில் 1983 முதல் 2023 வரை இயங்கிய ஜெட் உலையில், யூரோப்பியம் சிறிதளவு கலந்த ஈட்ரியம் ஆக்ஸைடு பயன்பட்டது. அது செவ்வொளி தரும், பொறையுடையது, ஆனால் அதன் ஒளி அணைய ஏறக்குறைய ஒரு மில்லி செகண்டு ஆகும். ஜெர்மனியில் கார்ச்சிங் என்னுமிடத்திலுள்ள ஆஸ்டெக்ஸ் அப்கிரேடு உலையில், யூரோப்பியம் கலந்த ஸ்ட்ரான்ஷியம் காலியம் சல்பைடு கொள்ளப்பட்டது. அதன் பச்சையொளி அரை மைக்ரோ செகண்டு அளவில் அணைந்துவிடும்.

இவ்வேறுபாட்டின் பயனை ஒரு கணக்கால் உணரலாம். துகள்களை வெளியே தள்ளும் காரணங்களுள் ஒன்று பிளாஸ்மாவில் எழும் அலை. அவ்வலை செகண்டுக்கு ஒரு லட்சம் முறை அதிர்வதாகக் கொண்டால், ஓர் அதிர்வுக்கு 10 மைக்ரோ செகண்டு ஆகும். ஒரு மில்லி செகண்டு ஒளிரும் பொருளில் நூறு அதிர்வுகளின் ஒளி ஒன்றோடொன்று கலந்துவிடும். எவ்வதிர்வு துகளைத் தள்ளிற்று எனப் பிரித்தறிதல் இயலாது. அரை மைக்ரோ செகண்டில் அணையும் பொருளோ ஒவ்வோர் அதிர்வையும் தனித்தனியே காட்டும். ஆகவே மொத்த இழப்பை நெடுநேரம் அளக்க விழைவார்க்குப் பொறையுடைய பொருள் வேண்டும். இழப்பின் காரணத்தை அறிய விழைவார்க்கு விரைவுடைய பொருள் வேண்டும். வினாவிற்கேற்பவே பொருளைத் தேர்தல் முறை.

ஒளியை நாடாத வழியும் உண்டு. ஜெட் உலையில் மெல்லிய நிக்கல் தகடுகளை இடையிடையே அப்பிரகம் வைத்து அடுக்கியிருந்தனர். ஆற்றல் மிக்க துகள் ஆழமாகச் சென்று உட்தகட்டில் நிற்கும். எத்தகட்டில் மின்னோட்டம் எழுந்ததோ அதனால் துகளின் ஆற்றல் புலனாகும். ஆயினும் ஒளிர்தகடு போல நுட்பமாக வேறுபாடு காட்டுதல் இதற்கு இயலாது.

ஜெட் உலை 2023 அக்டோபரில் ஐந்து செகண்டு அளவில் 69 மெகாஜூல் ஆற்றலை வெளிப்படுத்திற்று. ஈட்டரோ ஒரே மூச்சில் சில நூறு செகண்டு எரிய வேண்டுவது. சில செகண்டு பொறுத்த தகடு அந்நெடுங்காலமும் வெம்மையையும் நியூட்ரான் அடியையும் தாங்கி உண்மையே உரைக்குமோ என்பது பெருங்கேள்வி. தகட்டின் ஒளி குன்றின், துகள் குறைந்ததோ, தகடு தளர்ந்ததோ என ஐயம் எழும். அவ்வையம் எழுந்தால் அளவையே பயனற்றதாகும். சான்று கூறுவோன் தளர்ந்தால் வழக்குக் கெடுமன்றோ? மூன்று குணமும் நிறைந்த ஒளிர்பொருளைத் தேடும் பணி, கைகரும் மார்ஸ்டனும் இருளறையில் தொடங்கிய பணியின் தொடர்ச்சியேயாகும். வேதியியலும் பௌதிகமும் பயிலும் நம் நண்பர்கள் தம் உழைப்பை ஈடுபடுத்தற்கு ஏற்ற துறை இது என்பது நமது துணிபு.