ஆங்கிலம் கற்போம்: ‘இறந்தவரின் காணி’யை எப்படி எழுதுவது?

காணி, மரணம், நட்டஈடு ஆகியவை பற்றிய ஆங்கிலக் கடிதங்களில் ‘இன்னாருடைய இன்ன பொருள்’ என்று எழுதவேண்டி வருகிறது. அங்கே ஒரு சிறு குறி இடம் மாறினால் உரித்தாளர் எண்ணிக்கையே மாறிவிடும். ஆகவே அக்குறியை இம்முறை படிப்போம்.

1. உடைமைக்குறி

தமிழில் ‘இன்’, ‘உடைய’ என்பவற்றால் உடைமையைக் காட்டுகிறோம். ஆங்கிலத்தில் பெயரின் பின் மேற்புறத்தில் காற்புள்ளி போன்ற குறியை (’) இட்டு ‘எஸ்’ எழுத்தைச் சேர்ப்பர். ‘மை பிறதர்’ஸ் லான்ட்’ என்றால் என் சகோதரன் ஒருவனின் காணி. ‘மை பிறதர்ஸ்’ லான்ட்’ என்று குறியை எஸ்ஸுக்குப் பின் இட்டால் சகோதரர் பலரின் காணி. இரண்டும் காதுக்கு ஒன்றுபோலவே ஒலிக்கும். எழுத்தில்தான் வேறுபாடு தெரியும்.

2. பண்புச்சொல் பெயராகும்போது

தமிழில் ‘நல்ல’ என்பது ‘நல்லவர்’ ஆகிறது. ‘இடம்பெயர்ந்த’ என்பது ‘இடம்பெயர்ந்தோர்’ ஆகிறது. சொல்லின் இறுதி மாறுகிறது. ஆங்கிலத்தில் இறுதி மாறாது. முன்னே ‘த’ வரும். ‘புவர்’ என்றால் ஏழ்மையான. ‘த புவர்’ என்றால் ஏழைகள். இது பன்மையே. ஆனாலும் ‘த புவர்ஸ்’ என எஸ் சேர்ப்பது பிழை. வினையும் ‘இஸ்’ அன்று, ‘ஆர்’ என்றே வரும்.

3. இவற்றுக்கு உடைமை

பன்மை எஸ் இல்லாததால் குறி எப்போதும் எஸ்ஸுக்கு முன்னரே வரும்: ‘த புவர்’ஸ்’. எனினும் இவ்வழக்கு குறைவு. ‘த றைற்ஸ் ஒவ் த புவர்’ (ஏழைகளின் உரிமைகள்) என்று ‘ஒவ்’ இட்டு எழுதுவதே சிறப்பு. அவ்வாறே ‘த லான்ட் ஒவ் த டிஸ்பிளேஸ்ட்’ (இடம்பெயர்ந்தோரின் காணி) என எழுதலாம். ‘டிஸ்பிளேஸ்ட் ஃபமிலீஸ்’ லான்ட்’ (இடம்பெயர்ந்த குடும்பங்களின் காணி) என்பதும் சரி. ‘ஃபமிலீஸ்’ எஸ் கொண்ட பன்மையாதலால் இங்கே குறி பின்னே வருகிறது.

4. சட்டச் சொற்கள்

‘த டிசீஸ்ட்’ (இறந்தவர்), ‘தி அக்கியூஸ்ட்’ (குற்றஞ்சாட்டப்பட்டவர்), ‘தி இன்ஷுவர்ட்’ (காப்புறுதி பெற்றவர்) ஆகியவற்றுடன் உடைமைக்குறி தாராளமாக வரும். ‘த டிசீஸ்ட்’ஸ் லான்ட்’ என்றால் இறந்தவரின் காணி.

இங்கே கவனம் தேவை. இச்சொற்கள் ஒருவரையும் குறிக்கும், பலரையும் குறிக்கும், எழுத்தில் மாற்றமில்லை. தந்தையும் தமையனும் இறந்து, இருவர் பெயரிலும் காணி இருந்தால், ‘த டிசீஸ்ட்’ஸ் லான்ட்’ என்று மட்டும் எழுதினால் வாசிப்பவர் ஒருவரின் காணி என்றே கொள்ளக்கூடும். ஆகவே முதலில் இருவர் பெயரையும், உங்களுக்கு அவர்கள் என்ன முறை என்பதையும் எழுதுங்கள். கடிதம் பிறர் எழுதித் தந்ததாயினும், ஒப்பமிடுமுன் இக்குறி எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

5. பயிற்சி

குறி எங்கே வரும்?
(அ) என் தந்தையின் வயல் (‘ஃபாதர்’)
(ஆ) பல கமக்காரரின் கிணறு (‘ஃபார்மர்ஸ்’)
(இ) இறந்தவரின் வீடு (‘டிசீஸ்ட்’)

விடை: (அ) எஸ்ஸுக்கு முன். (ஆ) எஸ்ஸுக்குப் பின். (இ) எஸ்ஸுக்கு முன்.

பிள்ளைகளுடன் இருந்து, உங்கள் குடும்பத்தாரின் பெயர்களை வைத்தும் இவ்வாறு எழுதிப் பழகுங்கள்.